வாரத்தில் ஒரு பிற்பகல்: பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும், மாணவர் மன்றங்களின் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

காவிரி டெல்டாவின் கடைமடையில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பல்கலைக்கழகங்கள் தாமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள் பலவும் எங்கள் ஊரைப் போன்ற ஊர்களுக்கு நடுவில்தான், மாவட்டத் தலைநகரிலிருந்து தள்ளி, வயலும் தோப்பும் சூழ அமைந்திருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்.எஸ்.எஸ்.) ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு உங்கள் மாணவர்கள் வரும்போதெல்லாம் அவர்கள் தங்கியது எங்கள் பள்ளியின் வகுப்பறைகளில். எங்களிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகள் பின்னாளில் சேர்ந்தது உங்கள் கல்லூரிகளில். முகாம் முடிந்து நீங்கள் போன பிறகு ஊரில் என்ன மிஞ்சியது என்பதையும், உங்கள் விழாக்களில் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன இடம் கிடைத்தது என்பதையும் ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இருந்தது. அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். மாணவர்களின் தொண்டுப் பணிக்கும் பொது நிகழ்ச்சிகளுக்கும் வாரத்தில் ஒரு பிற்பகலைப் பாடவேளை அட்டவணைக்குள்ளேயே ஒதுக்குங்கள். அந்தப் பிற்பகலை ஆண்டு முழுவதும், முடிந்தால் தொடர்ந்து பல ஆண்டுகள், ஒரே ஊருக்குக் கொடுங்கள். மாலை 5 மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடப்பவை எல்லா மாணவர்களுக்குமான வாய்ப்புகள் ஆகமாட்டா. ஏழு நாளில் வந்து போவது ஓர் ஊருக்குச் செய்யும் பணியாகவும் நிலைப்பதில்லை.

விதிமுறையே இதைத்தான் கேட்கிறது என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அதில் சேரும் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் முகாம் இதற்கு மேல் தனியாக வருவது. அந்த 120 மணி நேரத்தில் அறிமுகப் பயிற்சிக்கு 20, கல்லூரி வளாகத்துக்குள் செய்யும் வேலைக்கு 30, மக்களிடையே செய்யும் பணிக்கு 70 என்று திட்டத்தின் கையேடு பிரித்துக் காட்டுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு சொல்லும் 180 வேலை நாள்களை 30 வாரங்கள் என்று கொண்டால், 70 மணி நேரம் என்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையும், பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் சேர்ந்தவுடன் தேசிய மாணவர் படை (என்.சி.சி.), என்.எஸ்.எஸ்., விளையாட்டு அமைப்பு, இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றுள் ஒன்றில் பதிந்து, ஏறத்தாழ 80 மணி நேரப் பயிற்சியும் ஒரு வார முகாமும் முடிக்க வேண்டும் என்றும், பயிற்சியில் 75 விழுக்காடு வருகை வேண்டும் என்றும், சுகாதாரமும் முதலுதவியும் கற்றுத்தர வேண்டும் என்றும் சொன்னது. இந்த விதிகளை எழுதியவர்கள் வாரந்தோறும் நடக்கும் பழக்கத்தையே மனத்தில் வைத்திருந்தார்கள் என்பது கூட்டிப் பார்த்தாலே விளங்கும். நடைமுறையிலோ பல இடங்களில் மணிக்கணக்கு பதிவேட்டில் நிறைகிறது. கண்ணுக்குத் தெரிவது முகாம் ஒன்றுதான்.

முகாமைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அன்று. முகாமில் நடக்கும் கண் பரிசோதனையால் புரை நீக்க அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, மறுபடி தனியாகக் கடைத்தெருவுக்கு நடந்து போகிற மூதாட்டிகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். கால்நடை மருத்துவ முகாம் நடக்கும் நாளில் ஆடு மாடுகளோடு ஊரே பள்ளித் திடலில் கூடிவிடும். ஏழு நாள் ஒரே கூரையின் கீழ்ப் படுத்து, ஒரே பந்தியில் சாப்பிட்டு, முறைவைத்துப் பாத்திரம் கழுவும் பழக்கம், வீட்டில் ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்காமல் வளர்ந்த பையன்களுக்குக் கிடைக்கும் பெரிய பாடம். ஆனால் முகாமின் மற்ற நாள்கள் எப்படிக் கழிகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். முதல் நாள் தொடக்க விழா, பொன்னாடை, சிறப்புரை. அடுத்து கோயில் வளாகத்தில் உழவாரப் பணி. அடுத்து பதாகையோடு விழிப்புணர்வுப் பேரணி. அடுத்து மரக்கன்று நடுதல். கடைசி நாள் கலை நிகழ்ச்சியும் நிறைவு விழாவும்.

மரக்கன்றுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பருவத் தேர்வுகளுக்கு இடையில் கிடைக்கும் விடுமுறையைப் பார்த்து முகாம் வைப்பதால், கன்று நடுவது பெரும்பாலும் மாசியிலோ பங்குனியிலோ அமைந்துவிடுகிறது. எங்கள் பகுதிக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். மாசியில் நட்ட புங்கனும் வேம்பும் சித்திரை வெயிலைத் தாண்டுவது அரிது. தாண்டினாலும் கூண்டு இல்லாத கன்றை ஆடு விடாது. ஐப்பசி அடைமழைக்கு முன் ஒரு புதன்கிழமை வந்து நட்டுவிட்டு, அடுத்தடுத்த புதன்களில் வேலி கட்டி, தை பிறந்த பின் தண்ணீர் ஊற்றும் முறையைத் தெருப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் நட்டவற்றில் பெரும்பகுதி பிழைக்கும். பனை விதை ஊன்றுவதற்கும் காலம் அதுதான். விவசாயி வீட்டிலிருந்து வரும் உங்கள் மாணவர்களுக்கு இது தெரியாததல்ல. முகாமின் தேதியை அவர்கள் முடிவு செய்வதில்லை.

ஒரு முகாமில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டடப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்த மாணவி ஒருத்தி, பேரணிக்குப் போக வேண்டிய நேரத்தில் திட்ட அலுவலரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு எங்கள் ஏழாம் வகுப்புக்குள் வந்தாள். சுற்றளவையும் பரப்பளவையும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழம்பிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப் போய், அளவை நாடாவின் ஒரு முனையை ஒருவனிடமும் மறு முனையை இன்னொருத்தியிடமும் கொடுத்து, கபடிக் களத்தை அளக்கச் சொன்னாள். எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பு எவ்வளவு நீளத்துக்குப் போட வேண்டும், உள்ளே மண் நிரப்ப எவ்வளவு இடம் என்று அவள் கேட்டதும், கரும்பலகையில் நான் பல முறை சொல்லியும் பிடிபடாத வேறுபாடு அந்தத் திடலில் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. மறுநாள் அவர்களாகவே சத்துணவுக்கூடத்தை அளந்தார்கள். அதற்கு மறுநாள் ஊருணியின் நான்கு கரைகளை. ஏழாம் நாள் முகாம் முடிந்து பேருந்து கிளம்பியது. “அந்த அக்கா எப்ப டீச்சர் வருவாங்க?” என்று அந்த வகுப்பு அரையாண்டுத் தேர்வு வரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு வந்தவர்கள் வேறு மாணவர்கள். அவர்களுக்கு இப்படி ஒரு வகுப்பு நடந்ததே தெரியாது. அவளது கல்லூரிக்கும் எங்கள் பள்ளிக்கும் இடையிலான தூரம் பேருந்தில் அரை மணி நேரம். வாரம் ஒரு பிற்பகல் அவள் வந்து போக முடியாததற்கு வேறு எந்தத் தடையும் இல்லை, அந்தப் பிற்பகல் அவளுக்கு ஒதுக்கப்படவில்லை என்பதைத் தவிர.

அப்படி வரும் மாணவர்களுக்குச் செய்ய வேலை இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். வேலை எங்கள் ஊரில் குவிந்து கிடக்கிறது. அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலையும் கணிதத்தையும் செய்துபார்த்துக் கற்பிக்க வானவில் மன்றம் என்ற திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. அதற்குப் பக்கத்துக் கல்லூரியின் ஆய்வகத்தை விடச் சிறந்த துணை எது? 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. அவற்றுள் பல இன்று திறக்க ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கின்றன, எங்கள் ஊர் நூலகமும்தான். வாரம் ஒரு பிற்பகல் நான்கு மாணவர்கள் வந்து திறந்து உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு அதுவே போதுமான தொடக்கம். பிளஸ் டூ முடிவு வந்த பின் பொறியியல் கலந்தாய்வுக்கு இணையத்தில் விண்ணப்பிப்பதும், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குவதும், எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் குறிப்பது என்று முடிவு செய்வதும் எங்கள் பெற்றோர்களுக்குப் பெரும் மலைப்பு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருப்பதையும், புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதையும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். ஓராண்டுக்கு முன் அதே வழியில் நடந்து வந்த உங்கள் முதலாம் ஆண்டு மாணவரை விட இதைத் தெளிவாகச் சொல்லித்தரக்கூடியவர் யாருமில்லை. தனியார் கணினி மையத்தில் ஒரு தவறான பொத்தானை அழுத்தியதால் விரும்பிய படிப்பை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

முகாமுக்கும் தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் பகுதி ஒரு பேரிடரின்போது கண்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து உள்சாலைகளை மறித்துக் கிடந்தன. வெளியூர்களிலிருந்து நிவாரணம் ஏற்றி வந்த லாரிகளில் பல முதன்மைச் சாலையோடு நின்றுவிட, சாலையோரத்தில் இருந்தவர்களுக்கே மீண்டும் மீண்டும் பொருள் கிடைத்தது. முந்தைய முகாம்களில் எங்கள் ஊரில் தங்கியிருந்த சில மாணவர்கள் தாங்களாகவே வந்து, வாய்க்கால் கரை வழியாக உள்ளே இருக்கும் குடியிருப்புக்குத் தார்ப்பாயையும் மெழுகுவத்தியையும் தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏழு நாள் பழக்கமே இவ்வளவு செய்யுமானால், இரண்டு ஆண்டுப் பழக்கம் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். புயலும் வெள்ளமும் எங்களுக்கு அடிக்கடி வருபவை. முதலுதவி கற்ற, ஊரை அறிந்த நூறு இளைஞர்கள் அரை மணி நேரத் தொலைவில் இருப்பது எங்களைப் பொறுத்தவரை உயிர்ப் பாதுகாப்பு.

“உள்ளே இருக்கும் குடியிருப்பு” என்றேன். அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். முகாம் பெரும்பாலும் பள்ளி, கோயில், ஊராட்சி அலுவலகம் ஆகியவை இருக்கும் ஊர்த்தெருவோடு நின்றுவிடுகிறது. ஆதிதிராவிடர் குடியிருப்பு ஊரைத் தாண்டி, வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிறது. பேரணிகூட அந்தப் பாலம் வரை போய்த் திரும்பிவிடும். இது யாரும் திட்டமிட்டுச் செய்வதாக நான் நினைக்கவில்லை. வரவேற்பவர்கள் காட்டும் இடத்தைத்தான் வந்தவர்கள் பார்க்கிறார்கள். ஏழு நாளில் ஊரின் அமைப்பு பிடிபடாது. பிடிபட்டாலும் அதை மீறி நடக்கும் துணிவு விருந்தினராய் வந்த மாணவர்களுக்கு வராது. ஆண்டு முழுவதும் வருகிறவர்கள் விருந்தினர் அல்லர். அவர்கள் பாலத்தைக் கடந்து போவார்கள், அங்கே உள்ள பிள்ளைகளையும் நூலகத்துக்கு அழைத்து வருவார்கள், இரு தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படிப்பது இயல்பாகிவிடும். தத்தெடுக்கும் ஊரின் எல்லாக் குடியிருப்புகளும் பணிக்குள் வர வேண்டும் என்பதை எழுத்திலேயே நிபந்தனையாக வையுங்கள்.

இனி உங்கள் வளாகத்துக்குள் நடப்பவற்றுக்கு வருகிறேன். உறுப்புக் கல்லூரிகளில் எங்கள் பிள்ளைகள் பலர் விடுதியில் தங்குவதில்லை. காலையில் நகரப் பேருந்தில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்ய முடிவதால், மகளை அனுப்பத் தயங்கிய வீடுகளும் துணிந்து அனுப்புகின்றன. ஆனால் எங்கள் ஊருக்கு வரும் கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்தில் மகள் இறங்கவில்லை என்றால் தாய் வாசலுக்கும் நிறுத்தத்துக்கும் நடக்கத் தொடங்கிவிடுவாள். இந்த நிலையில் கல்ச்சுரல்ஸ் என்னும் கலை விழாவின் ஒத்திகை, இலக்கிய மன்றக் கூட்டம், சிம்போசியம் என்னும் மாணவர் கருத்தரங்கின் தயாரிப்பு எல்லாம் மாலை 5 மணிக்குத் தொடங்கினால் அவற்றில் யார் இருப்பார்கள்? விடுதி மாணவர்கள் இருப்பார்கள், சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று மாற்றினால், அன்று ஜவுளிக்கடையிலும் சமையல் ஒப்பந்தக்காரரிடமும் கூலிக்குப் போகும் பையன்கள் விடுபடுவார்கள். தாளடி நடவு நாளில் வீட்டு வயலுக்கு இறங்கும் பெண்கள் விடுபடுவார்கள். குழுவில் பெயர் இருப்பவர்களுக்கு, வகுப்புக்கு வராத நேரத்தையும் வருகையாகக் கணக்கிடும் ஓ.டி. கிடைக்கிறது, சான்றிதழ் கிடைக்கிறது, மேடையில் பேசிப் பேசிக் கூச்சம் போகிறது. நான்காம் ஆண்டு வளாக நேர்காணலில் “படிப்பைத் தவிர என்ன செய்தீர்கள்?” என்று கேட்கும்போது அவர்களிடம் சொல்வதற்கு இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண், மதிப்பெண்ணில் குறைவில்லாதவள், அந்தக் கேள்விக்கு முன் மௌனமாக இருந்துவிட்டு வந்ததை என்னிடம் சொல்லி அழுதாள். அவளுக்கு ஆர்வம் இல்லை என்று எந்த ஆசிரியர் எழுதியிருந்தாலும் அது உண்மையன்று. அவளுடைய பேருந்து 4.50-க்கு.

விழாக்களுக்கு வசூலிக்கும் பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொங்கல் விழாவுக்கு ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நிறத்தில் சேலையும் வேட்டியும் என்று முடிவாகிறது. ஃப்ரெஷர்ஸ் டே, ஃபேர்வெல், துறை விழா என்று ஒவ்வொன்றுக்கும் தலைக்கு இவ்வளவு என்று வகுப்புப் பிரதிநிதி பட்டியலோடு வருகிறார். கொடுக்க முடியாத பிள்ளை ‘முடியாது’ என்று சொல்வதில்லை. அன்றைக்கு மட்டும் காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிடுகிறது. அடுத்த நாள் கைப்பேசியில் எல்லோருடைய படமும் வரும்; இதன் படம் இராது. பொங்கல் எங்கள் ஊர்களின் விழா. நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளையும் ஊரில் பிறந்த பிள்ளை, கல்லூரிப் பொங்கலுக்குச் சேலை வாங்கப் பணமில்லாமல் ஒதுங்கி நிற்பதை எந்த முதல்வரும் விரும்பமாட்டார் என்று நம்புகிறேன். தனி வசூலைத் தடை செய்யுங்கள். சேர்க்கையின்போது கட்டணத்தோடு வாங்கப்படும் மன்றத் தொகைக்குள் அடங்கும் அளவில் விழாவை வையுங்கள். ஒரே நிற உடை என்ற நிபந்தனையை எந்த விழாவுக்கும் ஏற்காதீர்கள். சிறியதாக நடந்தாலும் எல்லோரும் இருக்கும் விழாதான் கல்லூரியின் விழா.

அந்தப் பிற்பகலில் விழாக்களையும் தொண்டையும் இணைப்பதற்கு வழி உண்டு. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள், எங்கள் பிள்ளைகளை உங்கள் ஆய்வகங்களுக்கு அழையுங்கள். கல்லூரி வாயிலை வெளியிலிருந்து மட்டும் பார்த்த பிள்ளைகள் ஒலியை அலைக்கோடாகக் காட்டும் அலைநோக்கியின் திரையில் தங்கள் குரலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், படிப்பைப் பாதியில் நிறுத்தும் எண்ணம் அந்த வீடுகளில் எளிதில் எழாது. பொங்கலை ஓராண்டு எங்கள் திடலில் வையுங்கள். வெளியூரிலிருந்து வரும் ஒலிபெருக்கிக் குழுவுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதி, எங்கள் பகுதியின் தவில் நாதஸ்வரக் கலைஞர்களுக்கும் பறைக் கலைஞர்களுக்கும் உரிய மரியாதையோடு போய்ச் சேரட்டும். மூத்த மாணவரும் இளைய மாணவரும் சந்தித்தாலே ராகிங் வந்துவிடும் என்ற அச்சத்தில் முதலாம் ஆண்டைத் தனியே பூட்டிவைக்கும் கல்லூரிகளும் உண்டு. 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்த காரணம், ராகிங்கில் ஒரு மாணவர் கொல்லப்பட்ட கொடுமை. அந்த எச்சரிக்கை தேவையானது. ஆயினும் ஆசிரியர் உடனிருக்க, ஊருக்குப் பொதுவான ஒரு வேலையில் இரு ஆண்டினரும் சேர்ந்து கைவைப்பதை விட நலமான அறிமுகம் வேறு இல்லை.

இரத்த தான முகாம் பற்றி ஒரு சொல். இரத்தம் கொடுக்க 18 வயதும், குறைந்தது 45 கிலோ எடையும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் வேண்டும். ஆர்வத்தோடு வரிசையில் நிற்கும் மாணவிகளில் பலர் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்ததும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கொடுத்தவர்களுக்குச் சான்றிதழும் பழச்சாறும் கிடைக்கின்றன. திருப்பி அனுப்பப்பட்டவளின் இரத்தச் சோகையை யாரும் குறித்துக்கொள்வதில்லை. செஞ்சிலுவைச் சங்கமும், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கமும் உங்கள் கல்லூரியிலேயே இருக்கின்றன. அந்தப் பெயர்களைக் குறித்துவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கும் பொறுப்பை அவற்றிடம் ஒப்படையுங்கள். வெளியூருக்குச் செய்யும் தொண்டுக்கு முன் இது செய்ய வேண்டியது.

திட்ட அலுவலர்களின் நிலை எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு அலகுக்கு 100 மாணவர்கள், ஓர் அலுவலர். அவருக்கு மற்ற ஆசிரியர்களுக்கு உள்ள அதே பாடவேளைகள், அதே விடைத்தாள் திருத்தம், அதற்கு மேல் முகாம் கணக்கு. முன்பணம் வந்து சேர்வதற்குள் மளிகைக் கடைக்காரருக்குத் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு, ரசீதுகளோடு மாதக்கணக்கில் காத்திருந்த அலுவலர்களை எங்கள் ஊர்க் கடையிலேயே பார்த்திருக்கிறேன். முதல்வர்களே, வாரப் பிற்பகலை ஒதுக்கும்போது அதை அவருடைய பணிநேரமாகக் கணக்கிடுங்கள். கற்பிக்கும் வேளைகளில் அதற்கு ஈடு குறையுங்கள். இதைச் செய்யாமல் மற்றதைக் கேட்பது நியாயமாகாது.

பாடத்திட்டம் முடியாது என்ற தடை எழும். 30 வாரங்களில் வாரம் இரண்டு மணி நேரம் என்பது, பேச்சாளர் வராததாலும் விழா ஒத்திகையாலும் இப்போதே கழிந்துபோகும் வேளைகளை விட அதிகமாக இருக்காது. பாதுகாப்பு பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். பகல் நேரம், ஆசிரியர் துணை, குறித்த ஊர், குறித்த இடம் என்றால் எங்களைப் போன்ற பெற்றோர்கள் மறுப்பதில்லை. இரவு தங்கும் முகாமுக்கு மகளை அனுப்ப மறுத்த வீடுகள்கூட இதற்கு ஒப்புக்கொள்ளும். வண்டிக்கு என்ன செய்வது என்பீர்கள். பேருந்து உள்ள கல்லூரிகளில் அது காலை முதல் மாலை வரை வளாகத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. இல்லாத கல்லூரிகள் நகரப் பேருந்து செல்லும் தூரத்தில் ஊரைத் தேர்ந்தெடுக்கலாம்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வரும் ஆகஸ்ட் 15 அன்று நீங்கள் பணி செய்ய நினைக்கும் ஊரின் கிராம சபைக்கு ஒரு திட்ட அலுவலரும் நான்கு மாணவர்களும் வந்து, எந்தக் கிழமை, எத்தனை பேர், என்ன வேலை என்று மக்கள் முன்னிலையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரும் தன் பங்குக்கு என்ன தரும் என்று அங்கேயே தீர்மானமாகட்டும். எங்கள் ஊரைப் பொறுத்தவரை நூலகச் சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. புதன்கிழமை பிற்பகல் 2 மணிக்கு அதைத் திறந்துவைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்களிடமும் பேசிவிட்டேன். வரும் மாணவர்களுக்குத் தேநீரும் சுண்டலும் தருவதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். புதிய கல்வியாண்டின் பாடவேளை அட்டவணையை நீங்கள் இறுதி செய்வதற்கு முன் இந்த மடல் உங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பதற்காகவே இப்போது எழுதுகிறேன். உங்கள் பதிலை எதிர்நோக்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
காவிரி டெல்டா